சித்தப்பாவின் மடிக்கணினி

"தம்பி, என் கண்மாயெல்லாம் வத்திப் போச்சுடா" என்றுதான் சித்தப்பா தொலைபேசியில் ஆரம்பித்தார். 2021 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சிவகங்கைப் பக்கம் மழை பெய்யவில்லை என்கிறார் போலும் என்று நினைத்து, செய்தித்தாளைப் புரட்டியபடியே "ஆமா சித்தப்பா, இங்கயும் வெயில்தான்" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் மௌனம். பிறகு, "நான் கம்ப்யூட்டரைச் சொல்றேன்" என்றார்.

சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2001இலிருந்து ஊர் ஊராகப் போய்க் கண்மாய்ப் பாசனச் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். மடை, மதகு, கலுங்கு, குமிழித் தூம்பு, வரத்துக்கால், மறுகால், உள்வாய் என்று நமக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த ஊரில் யார் வாயால் கேட்டது என்ற குறிப்பு. மடையைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பங்கிட்டுக் கொடுக்கும் நீர்க்கட்டிகளின் பேச்சை ஒலிப்பதிவும் செய்து வைத்திருந்தார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று இல்லை. மடைகளும் பல ஊர்களில் இல்லை. எல்லாம் ஒரு மடிக்கணினியில், 'கண்மாய்' என்று பெயரிட்ட ஓர் உறைக்குள் இருந்தன. வேறு எங்கும் இல்லை. பதினான்கு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை டிரங்குப் பெட்டிக்குள் போய் வெகுகாலமாகியிருந்தது.

அவர் சொன்ன நோய்க்குறிகள் இவை. இரண்டு மாதத்துக்கு முன் உறைகள் எல்லாவற்றின் மீதும் சின்னதாக ஓர் அம்புக்குறி முளைத்தது. பிறகு கணினி திறப்பதற்குப் பத்து நிமிடம் எடுக்க ஆரம்பித்தது. ஒரு நாள் 'கண்மாய்' உறையைத் தட்டினால் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக்கொண்டு பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். கடையில் இருந்த இளைஞர் எப்படியோ ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுத்துத் தன் கணினியில் திறந்து காட்டினாராம். திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துக்கள். அவற்றின் தலையில் கொம்பும் புள்ளியும் வளையமும். "வைரஸ் தின்னுருச்சு ஐயா. ஃபைல் எல்லாம் கரப்ட். ஃபார்மேட் போட்டுத் தர்றேன்" என்றாராம். சித்தப்பா, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சித்தியிடம் எதையும் கேட்டு அவர் செய்ததாக எங்கள் குடும்ப வரலாற்றில் பதிவில்லை. அந்த ஒரு பொய்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். நான் கணினித் துறையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். அறிகுறிகளைக் கேட்டவுடனே, பார்க்காமலே வியாதியின் பெயரைச் சொல்லும் வைத்தியரைப் போல, "இது பென் டிரைவ்ல வர்ற வைரஸ் சித்தப்பா, ஒண்ணும் பயமில்ல" என்றேன். உறையை ஒளித்து வைத்துவிட்டு அதே பெயரில் ஒரு குறுக்குவழிக் கோப்பை வைத்துவிடும் வகைப் புழு அது. நாம் அதைத் தட்டினால் முதலில் புழு ஓடும். பிறகு உண்மையான உறையையும் திறந்து காட்டிவிடும். அதனால் சந்தேகமே வராது. ஒரு காலத்தில் பென் டிரைவைச் செருகியதுமே தானாக ஓடும் வசதி விண்டோஸில் இருந்தது. 2011இல் பழைய பதிப்புகளுக்கும் அதை அடைத்துவிட்டார்கள். அதன்பின் மனிதனின் சுட்டுவிரலை நம்பியே பிழைக்க வேண்டிய நிலையில் இந்த அம்புக்குறித் தந்திரம் செழித்தது. சித்தப்பாவின் இயங்குதளம் விண்டோஸ் 7; அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயிருந்தன.

நான் கணித்த வியாதி சரிதான். ஆனால் அது மட்டுமே வியாதியில்லை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டு முழுச் சோதனை செய்யச் சொன்னேன். செய்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அழைத்தார். "திரை அப்படியே நிக்குது. உள்ளருந்து பல்லி கத்துற மாதிரி ஒரு சத்தம் வருதுப்பா."

பல்லிச் சத்தம் என்று கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ கரைந்தது. "தொடாதீங்க. சுவிட்சை அமுக்கி அணைச்சிருங்க. நான் வர்றேன்."

ரயிலில் போகும்போது நினைத்துக்கொண்டே போனேன். வன்தட்டு என்பது உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஒரு வட்டு. அதன் மேல் ஒரு காந்தத் தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கிறது. தலைமுடியின் தடிமன் இந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு. தட்டின் ஓர் இடம் பழுதானால் அங்கே எழுதியிருப்பதை ஒரே முயற்சியில் படிக்க முடியாது. தலை திரும்பத் திரும்ப முயலும், விநாடிக்கணக்கில் முயலும், சில சமயம் தன் தொடக்க இடத்துக்கே போய் மறுபடி வரும். அந்தப் போக்குவரத்தின் ஓசைதான் சித்தப்பா கேட்ட பல்லி. அவ்வளவு நேரமும் இயங்குதளம் வாய் மூடிக் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு 'கணினி மெதுவாகிவிட்டது' என்று மட்டும் தெரியும். வைரஸ் வந்தாலும் மெதுவாகும், தட்டு செத்துக்கொண்டிருந்தாலும் மெதுவாகும். நான் முதலாவதை மட்டும் நினைத்தேன். முழுச் சோதனை என்பது தட்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிப்பது. மாரடைப்பு வந்தவரை ஊரைச் சுற்றி ஓடிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

சித்தி வாசலிலேயே, "ரெண்டு நாளா சாப்பிடல. நீயாச்சும் சொல்லு" என்றார். சித்தப்பா திண்ணையில் அமர்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய குறிப்புகளைப் பார்த்து, 'அ'விலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்திருந்தார். பெட்டிக்குள் ராமபாணப் பூச்சி தன் பங்கைச் சாப்பிட்டிருந்தது. நோட்டுகளில் வட்ட வட்டமாகத் துளைகள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேர்கோட்டில். "பாரு, இதுலயும் வைரஸ்" என்றார். சிரிக்க முயன்றாரா என்று தெரியவில்லை.

விண்டோஸைத் தொடாமல், என் பையில் இருந்த பென் டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பினேன். இதில் இரண்டு லாபம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட புழு அங்கே ஓடாது. தட்டில் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் வெறுமனே பார்க்க முடியும். முதலில் தட்டிடமே உடல்நிலையை விசாரித்தேன். ஒவ்வொரு வன்தட்டும் தன் நோய்களைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்லாது. (நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.) இந்தத் தட்டு சொன்னது: பழுதாகி, மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் 872. படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை 416. செக்டர் என்பது 512 பைட் கொண்ட ஒரு சின்னப் பாத்தி. தட்டில் உதிரிப் பாத்திகள் கொஞ்சம் இருக்கும். ஒன்று பழுதானால் எழுத வேண்டியதை உதிரியில் எழுதிவிட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளும். நிலுவை என்பதுதான் மோசம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவும் முடியவில்லை, அதன் மேல் யாரும் புதிதாக எழுதாததால் மாற்று இடம் தரவும் வழியில்லை. அந்த 416ம் படிக்க முயன்று தோற்ற இடங்கள் மட்டுமே. முயலாத இடங்களில் எத்தனை என்பது தட்டுக்கே தெரியாது.

கடைக்காரர் சொன்னபடி ஃபார்மேட் செய்திருந்தால் கணினி சில மாதங்கள் சுறுசுறுப்பாகக்கூட ஓடியிருக்கும். புதிதாக எழுதும்போது பல பாத்திகள் உதிரிக்கு மாறியிருக்கும். 'சரியாயிருச்சு' என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். விண்டோஸின் செக்டிஸ்க் என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டியிருந்தாலும் ஆபத்துதான். அது கோப்பு அமைப்பின் கணக்கை நேர் செய்வதற்காக உள்ளது. கணக்கு நேராக வேண்டுமானால் சில கோப்புகளைப் பெயரில்லாத துண்டுகளாக்கி ஒரு மூலையில் கொட்டிவிடத் தயங்காது. சென்னையிலிருந்து ஒரு நண்பர், தட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்லி ஆலோசனை அனுப்பினார். இது கணினி உலகத்துப் பாட்டி வைத்தியம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்தால் மிச்சமும் போகும். அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

முதல் சண்டை அப்போதுதான் வந்தது. சித்தப்பா, "முதல்ல கண்மாயை மட்டும் எடுத்துருப்பா. மத்தது போனாப் போகுது" என்றார். வீடு தீப்பிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதானே ஓடுவோம், பாத்திரம் பண்டத்தையா எண்ணிக்கொண்டிருப்போம்? நியாயம்தான். ஆனால் கோப்பு கோப்பாக எடுப்பதென்றால், ஒவ்வொரு கோப்புக்கும் தலை முதலில் அட்டவணைக்குப் போய், முகவரி பார்த்து, பிறகு தட்டின் இன்னொரு மூலைக்கு ஓட வேண்டும். நொண்டிக் காலோடு மாடிப்படி ஏறி இறங்குவது போல. தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே, அப்படியே பிரதி எடுத்துவிட்டுப் பிறகு பிரதியில் தேடுவது அதைவிடப் பாதுகாப்பு. பாதியில் தட்டு செத்துவிட்டால்? கண்மாய் மறுபாதியில் இருந்தால்? எனக்கு உறுதி இல்லை. இல்லாத உறுதியைக் குரலில் வரவழைத்துக்கொண்டு, "முழுசா எடுக்குறதுதான் சரி" என்றேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இதற்கு டிடிரெஸ்க்யூ என்று க்னூ திட்டத்தின் ஒரு நிரல் இருக்கிறது. அதை எழுதியவர் அன்டோனியோ டயஸ் டயஸ். அதன் அழகு, அது பிடிவாதக்காரனாக இல்லாதது. சாதாரணமாகப் பிரதி எடுக்கும் நிரல்கள் பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது வேலையையே விட்டுவிடும். இது பழுதான இடத்தைக் கண்டதும் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. எளிதாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்கிறது. பிறகு திரும்பி வந்து தாண்டிய பகுதிகளின் ஓரங்களைச் செதுக்குகிறது. அதற்கும் பிறகுதான் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டுகிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற வரைபடம் தனிக் கோப்பில் இருக்கும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தட்டு 320 ஜிகாபைட். 62 கோடியே 51 லட்சத்துச் சொச்சம் செக்டர்கள். புதிதாக வாங்கி வந்த வெளித்தட்டை இணைத்து, மடிக்கணினியின் கீழே இரண்டு ஸ்கேல் வைத்து உயர்த்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி, பகல் 2 மணிக்கு ஆரம்பித்தேன். நல்ல தட்டாக இருந்தால் அந்தப் பழைய யுஎஸ்பி வழியே மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும். மாலை 5 மணிக்கு 31 சதவீதம். சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். எண்கள் ஓடுவதை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல கண்மாய் வந்துருச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நீரோட்டம் பாக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

இரவு 7:40க்கு மின்சாரம் போனது.

கணினியின் மின்கலம் செத்து மூன்று வருடமாகிறது என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். இருட்டில் தட்டு சுழன்று நிற்கும் ஓசை கேட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. சித்தி மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைத்தார். அந்த ஐம்பது நிமிடத்தில் சித்தப்பா அந்த நீர்க்கட்டியைப் பற்றிச் சொன்னார். 2009இல் 41 நிமிடம் பதிவு செய்த ஒருவர், 2014இல் இறந்துவிட்டார். மடையைத் திறப்பதற்கு முன் கரையில் காதை வைத்துக் கேட்பாராம். உள்ளே நீர் நிற்கும் உயரத்தை ஓசையில் சொல்லிவிடுவாராம். "நான் நம்பல. அளவுகோல் நட்டுப் பாத்தேன். அவர் சொன்னதுதான்" என்றார். அவர் சொன்ன சொல் ஒன்று, நீர் மடைவாயை மட்டும் நனைத்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு, அந்தப் பதிவில்தான் இருக்கிறது என்றும் எந்த நோட்டிலும் எழுதிக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். "கேட்டுட்டு எழுதிக்கலாம்னு இருந்தேன். பன்னெண்டு வருஷமாச்சு."

மின்சாரம் வந்தது. தட்டும் எழுந்தது. வரைபடக் கோப்பை வெளித்தட்டில் வைத்திருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு முதல் சுற்று முடிந்தபோது 140 மெகாபைட் தவிர மற்ற எல்லாம் வந்திருந்தன. மிச்சத்தைச் சுரண்ட மேலும் மூன்று நாள் ஆயிற்று. அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மூன்றாம் நாள் மாலை சுமார் 4,600 செக்டர்கள், 2.3 மெகாபைட் சொச்சம், இனி எந்த விதத்திலும் வராது என்று தெரிந்ததும் நிறுத்தினேன். தட்டைக் கழற்றி ஒரு துணியில் சுற்றினேன். அதன் பிறகு அதை யாரும் சுழற்றவில்லை.

பிரதியை, படிப்பதற்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு லினக்ஸில் திறந்தேன். அதற்கு மறைந்த கோப்பு, மறையாத கோப்பு என்ற பேதம் விண்டோஸைப் போலத் தெரியாது. உறைகள் எல்லாம் பளிச்சென்று வரிசையாக நின்றன. 'கண்மாய்' உறையும், பக்கத்திலேயே அதே பெயரில் புழு வைத்த அம்புக்குறிப் பொய்யும். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இங்கயேதான் இருந்துச்சா?" என்றார்.

முதல் கோப்பைத் திறந்ததும் அவர் முகம் மறுபடி வாடியது. கடையில் கண்ட அதே கொம்பும் புள்ளியும். எனக்கோ பழைய நண்பனைத் தெருவில் பார்த்தது போல இருந்தது. அது திஸ்கி. யூனிகோடு நம் கணினிகளில் பரவலாவதற்கு முன் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் பயன்படுத்திய குறியேற்றம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் ஒரு காலத்தில் அதில்தான் இருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தை விட்டுவிட்டு, ஐரோப்பியக் கொம்பு எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைக்கும் ஏற்பாடு. உரிய எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையென்றால் கொம்பும் புள்ளியும். சித்தப்பா ஏழெட்டு வருடம் அதில் தட்டச்சு செய்து, பிறகு யூனிகோடுக்கு மாறியவர். அவர் கணினியில் எழுத்துரு இருந்தது, கடையின் கணினியில் இல்லை, அவ்வளவுதான். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திஸ்கி ஓய்ந்த காலத்தில் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். ஆனால் ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை பார்த்துவிட்டுப் 'பழுது' என்று முடிவு செய்ய இருபது வருடம்கூடத் தேவைப்படவில்லை என்பது என்னைச் சற்றுக் கலக்கியது. குறியேற்ற மாற்றி ஒன்றில் போட்டு எடுத்ததும் தமிழ் வந்தது. சித்தி, "அப்ப சாப்பிட வாங்க" என்றார்.

எந்தக் கோப்பெல்லாம் ஓட்டை விழுந்தவை என்று கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவில் ஒரு வழி உண்டு. படிக்க முடியாத செக்டர்கள் பிரதியில் வெறும் சுழியங்களாக இருக்கும். அந்த இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு அந்தச் சொல்லைக் கொண்ட கோப்புகளைத் தேடினால் போதும். பிரதிக்கு இன்னொரு பிரதி எடுத்து அதில் செய்தேன். என்ன சொல் போடுவது என்று யோசித்து, 'மன்னிக்கவும்' என்று கொடுத்தேன். யூனிகோடில் அது 36 பைட். ஒரு செக்டரில் பதினான்கு முறை அடங்கும். முழுச் சோதனை ஓட்டச் சொன்னவன் அதைச் செய்வதில் நியாயம் இருந்தது. பெரும்பாலான மன்னிப்புகள் விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலும் காலியிடத்திலும் போய் விழுந்தன. சித்தப்பாவின் கோப்புகளில் ஏழு அகப்பட்டன: நான்கு புகைப்படங்கள், ஒரு கல்யாண வீடியோ, அந்த 41 நிமிடப் பதிவு, சொற்பட்டியலில் 'ம' எழுத்துக் கோப்பு.

பதிவில் அடுத்தடுத்து 64 செக்டர்கள் போயிருந்தன; ஒலியின் கணக்கில் இரண்டு விநாடி. மூவரும் உட்கார்ந்து 41 நிமிடமும் கேட்டோம். அந்தச் சொல் எங்கே வரும் என்று சித்தப்பாவுக்கு நினைவில்லை. கதையாக இருந்தால் அந்தச் சொல்லில்தான் ஓட்டை விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பெரியவர் வெற்றிலை துப்பிவிட்டு வந்து உட்காரும் இடத்தில் ஒரு கிறீச்சொலி கேட்டது, அவ்வளவே. பதினெட்டாவது நிமிடத்தில் அந்தச் சொல் முழுசாக வந்தது. சித்தப்பா நோட்டில் எழுதிக்கொண்டார். நான் அதை இங்கே எழுதவில்லை. அவருடைய அகராதியில் முதலில் வரட்டும்.

அடி விழுந்தது 'ம'வில்தான். ஒன்பது செக்டர்கள், 4,608 பைட். இங்கே ஒரு வேடிக்கை. 'கண்மாய்' என்ற சொல் திஸ்கியில் 5 பைட், யூனிகோடில் 21. ஒரு செக்டர் போனால் யூனிகோடில் 24 கண்மாய்கள் போகும், திஸ்கியில் 102. சிக்கனமாக எழுதியவனுக்கே நஷ்டம் அதிகம். 'ம' கோப்பு பழையது, திஸ்கி. வரிசை எண் 1,412 முதல் 1,468 வரை 57 சொற்கள், 'மடை'யில் தொடங்குபவை பாதி, 'மறுகால்' வரை, ஒரேயடியாகக் காணாமல் போயிருந்தன. நோட்டுகளைப் பிரித்துப் போட்டுத் தேடினோம். மடைவாய், மடைத்தலை, மடைக்குடும்பன் என்று ஒவ்வொன்றாக, ராமபாணம் விட்டுவைத்த இடங்களிலிருந்து 40 சொற்கள் மீண்டன.

"வைரஸ்தான் தட்டைத் தின்னுச்சா?" என்று சித்தப்பா அப்போது கேட்டார். இல்லை, இரண்டும் வேறு வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். தனிக் கணினிகளில் பரவிய ஆரம்பகால வைரஸ்களில் ஒன்று, 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்', நெகிழ்வட்டில் தான் ஒளிந்த இடத்தைப் 'பழுதான செக்டர்' என்று பொய்யாகக் குறித்து வைத்துக்கொண்டது, அது வேறு கதை என்றேன். அவர் கேட்டுவிட்டு, "நான் அதை ஓடவிட்டுத்தான் வண்டியில கொண்டு போவேன்" என்றார். புரியவில்லை. கணினி திறக்கப் பத்து நிமிடம் ஆகிறதே என்று, மூடியை மூடினாலும் அணையாதபடி அமைத்துத் தரச் சொல்லி, சுழலும் தட்டோடு பையில் போட்டு, மொபெட்டில் கண்மாய்க் கரையின் மேடுபள்ளத்தில் இரண்டு மாதமாகப் போய் வந்திருக்கிறார். அப்படியென்றால் புழுவால் கணினி மெதுவாயிற்று. மெதுவானதால் அவர் அணைக்கவில்லை. அணைக்காததால் தட்டு அடிபட்டது. என் ஊகம்தான். என்றாலும், இரண்டும் வேறு வேறு என்று நான் விளக்கியதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த மடிக்கணினியிலேயே சுழலாத தட்டு ஒன்றைப் போட்டு, உபுண்டுவும் தமிழ்99 விசைப்பலகையும் நிறுவி, எழுத்துக் கோப்புகளையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் மட்டும் பிரதியிலிருந்து மாற்றினேன். இயங்கக்கூடிய எதையும் கொண்டுவரவில்லை. இன்னொரு பிரதி வெளித்தட்டில், மூன்றாவது சென்னையில் என் அலமாரியில். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். எழுத்து கொஞ்சம் மெலிந்து தெரிகிறதாம். மற்றபடி, டிடிபி கடைக்குப் பென் டிரைவ் கொடுத்து வாங்கினேன், "அதே அம்புக்குறிக்காரன் வந்துருக்கான், இப்ப எனக்குத் தெரியுதே!" என்றார். குரலில் அவ்வளவு உற்சாகம்.

மீதம் 17 சொற்களுக்காக மறுபடி ஊர்களுக்குப் போனார். இறந்துபோன நீர்க்கட்டியின் மகன் திருப்பூரில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு வந்தபோது பார்த்துப் பேசி ஆறு சொற்கள் வாங்கினார். பதினொன்று கிடைக்கவில்லை. பட்டியலை அச்சுக்குத் தயார் செய்யும்போது, கடையில் வரிசை எண்ணை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அச்சுப்படி எனக்கும் வந்தது. 1,431 என்று எண், எதிரே ஒன்றுமில்லை. 1,432, ஒன்றுமில்லை. 1,433 மடைத்தலை.